நெடிலுக்கு ஒரு கோடு



கொதிக்கின்ற புளிரசத்தில் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அடுக்களை பழகிய எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, தில்லியில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண் அவ்வாறே ஊற்றிவிட்டாள். பால் திரிந்தது, ரசம் வாயில் வைக்க ஒண்ணாத ஒரு பொருளாயிற்று. அவள் அறியாதவள் அல்லள். அவள் கையில் இருந்த தாளில் அப்படித்தான் கண்டிருந்தது. "பாட்டி எழுதியிருந்தால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன், மாமா" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளைத் தட்டச்சுச் செய்து அனுப்பியவர்கள் நாமே.

நடந்தது இதுதான். அப்பெண்ணின் பாட்டியார் கும்பகோணத்தில் பிறந்தவர். மணமாகித் தில்லிக் கரோல்பாகிற்கு வந்து, அறுபது ஆண்டுக் காலம் அங்கேயே குடித்தனம் நடத்தி மறைந்தவர். அவர் விட்டுச் சென்ற பொருள்களில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் உண்டு. ரசம், குழம்பு, ஊறுகாய், தீபாவளி மருந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டும் லேகியம் எல்லாம் அதில் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. பேரப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் எழுத்தறியார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தவர்கள். பிற மாநிலங்களில் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில் இது புதிய செய்தி அன்று. மாட்டுங்காவிலும் ஜாம்ஷெட்பூரிலும் இதைக் கேட்கின்ற பலர் தத்தம் வீட்டை நினைத்துக்கொள்ளக்கூடும். "உரோம எழுத்தில் மாற்றிக் கொடுங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம்" என்றார்கள். ஒரு வாரத்தில் கணினியில் அடித்துக் கொடுத்துவிட்டோம். விசைப்பலகையில் இருபத்தாறு எழுத்து உண்டு. அவற்றைக்கொண்டு காரியத்தை முடித்தோம்.

பாட்டியார் எழுதியிருந்தது, 'பூண்டு, நாலு பல்' என்பது. நம்முடைய உரோம எழுத்தில் 'பல்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் வேற்றுமை இல்லை. பூண்டுக்குப் பல் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. வாயில் உள்ள பல்லை எவரும் ரசத்தில் இட மாட்டார்கள். ஆகவே அவள் பால் என்று படித்தாள். அதைவிட அறிவுடைமையான முடிவுக்கு எவரும் வந்திருக்க முடியாது. மற்றோரிடத்தில் 'கல் உப்பு, கால் கரண்டி' என்று இருந்தது. நம் தாளிலோ இரண்டும் ஒரே சொல். அது கல்லா, காலா, அளவு எது, பொருள் எது என்று அவள் கேட்டபோது, முழுத் தாளையும் மீண்டும் அடிப்பது என்று முடிவு செய்தோம்.

குறில் நெடில் என்ற பாகுபாட்டை நாம் ஐந்து வயதில் கற்கிறோம். நம் எழுத்தே அதைக் கண்ணுக்குக் காட்டிவிடுவதால் அதைப் பற்றி மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை. உரோம எழுத்து உயிர்களை ஐந்தே வடிவில் அடக்குகிறது. இந்தப் பேச்சில் அவற்றை உரோம அகரம், எகரம், இகரம், ஒகரம், உகரம் என்று நாம் அழைப்போம். அவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சொன்னால் நம் ஏகாரத்தோடும் ஈகாரத்தோடும் குழம்பிவிடும்.

நெடில் வேண்டுமென்றால் எழுத்தை இரட்டித்து எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படித்தான் கைப்பேசியில் நாள்தோறும் எழுதுகிறோம். அகரத்தை இரட்டித்தால் ஆகாரம் வந்துவிடுகிறது, தொல்லையில்லை. ஆனால் எகரத்தை இரட்டித்துப் பாருங்கள். ஆங்கிலம் படித்த கண் அதை ஈகாரமாக வாசிக்கும். தேன் 'தீன்' ஆகிவிடும். ஒகரத்தை இரட்டித்தால் ஊகாரமாக வாசிக்கும்; மோர் 'மூர்' ஆகிவிடும். இரட்டிக்காமல் ஒற்றையாக விட்டாலோ தேன் 'தென்' ஆகிறது. சமையல் தாளில் தேங்காயும் ஏலக்காயும் தோசையும் மோரும் கோதுமையும் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இந்த இரண்டு எழுத்தால் வரும் இடர் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இதற்குத் தீர்வு புதிதாகக் காண வேண்டிய ஒன்று அன்று. உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சிறு கிடைக்கோடு இட்டால் அது நெடில். அந்தக் கோட்டுக்கு மேக்ரான் என்று பெயர். 'நீண்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதைக் கணினியில் எப்படி அடிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஆனால் அதற்கு முன் அந்தக் கோட்டின் சொந்த ஊருக்கு ஒரு முறை போய் வருதல் நலம். ஏனெனில் நாம் தட்டித் தடுமாறுகின்ற இடத்திலெல்லாம் உரோமரும் தடுமாறியிருக்கிறார்கள்.

இலத்தீன் மொழிக்கும் குறிலும் நெடிலும் உயிர்நிலை. 'மலும்' என்று குறுக்கிச் சொன்னால் தீமை. 'மாலும்' என்று நீட்டினால் ஆப்பிள் பழம். 'பொபுலுஸ்' என்றால் மக்கள். 'போபுலுஸ்' என்றால் பாப்லர் மரம். 'வெனித்' என்றால் வருகிறான். 'வேனித்' என்றால் வந்தான். காலமே மாறிவிடுகிறது, பாருங்கள். வேற்றுமையும் அவ்வாறே: ரோஜாவைக் குறிக்கும் 'ரொஸ' என்ற சொல் எழுவாய்; அதன் ஈறு நீண்டு 'ரொஸா' ஆனால் அது வேற்றுமை ஏற்ற வடிவம். எழுத்தில் பார்த்தால் இவை யாவும் இரட்டைப் பிள்ளைகள்.

கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தி வாழ்ந்த அக்கியுஸ் என்ற நாடகப் புலவர், நெடிலுக்கு உயிரை இரட்டித்து எழுதலாம் என்றார். நாம் கைப்பேசியில் செய்வதேதான். சில காலம் கல்வெட்டுகளில் அது வழங்கிற்று; பிறகு மறைந்தது. அதன்பின் நெடிலின் மேல் சாய்ந்த ஒரு கீற்றை வெட்டினார்கள். அதற்கு 'அபெக்ஸ்' என்று பெயர். இகரத்திற்கு மட்டும் கீற்றுக்குப் பதிலாக எழுத்தையே உயரமாக வெட்டுவதும் உண்டு. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவின்டிலியன் என்ற சொற்கலை ஆசிரியர் இதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறார். நெடில்தோறும் கீற்று இடுவது பேதைமை. ஆனால் கீற்று இல்லாவிட்டால் பொருள் மயங்கும் இடத்தில் இட்டேயாக வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் எடுத்துக்காட்டிய சொற்களில் ஒன்று, 'மரம்' என்றும் 'தீயவன்' என்றும் இருபொருள் படக்கூடியது. பல்லும் பாலும் போன்றதுதான்.

இடைக்காலத்தில் இந்தக் கோடு வேறொரு பணிக்குப் போய்விட்டது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைப்போம். தோலின் விலை கருதிச் சுருக்கி எழுதிய துறவிகள், மகர னகர மெய்களை விட்டுவிட்டு, விட்டதற்கு அடையாளமாக உயிரின் மேல் கோடு இட்டார்கள். ஆகவே பழைய இலத்தீன் ஏட்டில் கோட்டைக் கண்டவுடன் நெடில் என்று பாய்ந்துவிடக் கூடாது. இன்று இலத்தீன் பாடநூல்களில் மாணவர்க்காக நெடில்தோறும் கோடு இடுகிறார்கள். புலவர்க்கென்று பதிப்பிக்கும் நூல்களில் பெரும்பாலும் இடுவதில்லை. மொழி தெரிந்தவனுக்கு வேண்டாம், தெரியாதவனுக்கு வேண்டும் என்ற இந்த வழக்கு குவின்டிலியனைவிட நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நம் பேரப் பிள்ளைகள் இரண்டாம் வகையினர்.

இலத்தீனோடு இது நிற்கவில்லை. லாட்விய மொழியில் கோடிட்ட உயிர்கள் அன்றாட எழுத்துகள். ஜப்பானியரின் தோக்கியோவையும் ஒசாக்காவையும் முறைப்படி உரோம எழுத்தில் எழுதும்போது இக்கோடு வருகிறது. ஹவாய்த் தீவினர் இதனைக் கஹாக்கோ என்று சொந்தப் பெயரிட்டு அழைக்கின்றனர். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு இது மானப் பிரச்சினையாகவே இருந்தது. அவர்கள் மொழியில் 'கெகெ' என்றால் நாம் கடையில் வாங்குகின்ற கேக். 'கேகே' என்றால் அக்குள். அங்கும் இரு கட்சிகள் இருந்தன. புரூஸ் பிக்ஸ் என்ற பேராசிரியர் எழுத்தை இரட்டிக்கும் முறையை வற்புறுத்தினார். 1987-இல் நிறுவப்பெற்ற மாவோரி மொழி ஆணையம் கோட்டை ஏற்றுக்கொண்டது. பழைய கணினிகளில் கோடு வராததால், எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இட்டு ஒப்பேற்றிய காலமும் உண்டு. 2019-இல் அந்நாட்டு நிலப்பெயர்க் குழு நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்களைக் கோட்டோடு அரசாங்கப் பெயர்களாக அறிவித்தது.

நம் நாட்டு மொழிகளுக்கும் கோட்டுக்கும் உறவு பழையது. 1894-இல் ஜெனீவாவில் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின் முறையையொட்டி வடமொழியை உரோம எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் ஆகார ஈகார ஊகாரங்களுக்குக் கோடு உண்டு; ஏகார ஓகாரங்களுக்கு இல்லை. வடமொழியில் அவை என்றும் நெடிலே. குறில் இல்லாத வீட்டில் நெடிலுக்கு அடையாளம் எதற்கு? தமிழில் அப்படியன்று. எடு என்பது வேறு, ஏடு என்பது வேறு. கொடு என்பது வேறு, கோடு என்பது வேறு. ஆதலால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில், ஒவ்வொரு சொல்லை அடுத்தும் தரப்பட்டுள்ள உரோம வடிவத்தில் ஐந்து நெடிலுக்கும் கோடு இருப்பதைக் காணலாம். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியிலும் அவ்வாறே. 2001-இல் வந்த 15919 என்னும் எண்ணுடைய உலகத் தர முறையும் ஏகார ஓகாரங்களுக்குக் கோடு இடுகிறது. எனவே வடமொழிக்கென்று அமைந்த மென்பொருளைத் தமிழுக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு எழுத்தில் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டு எழுத்தும் தமிழிலேயே ஒரு காலத்தில் தொல்லை தந்தவை. பழைய முறையில் எகர ஒகரங்களின் மேல் புள்ளி வைத்தால் குறில்; வைக்காவிட்டால் நெடில். தொல்காப்பியம் கூறுவது அம்முறை. ஏட்டில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமலே விட்டார்கள். படிப்பவன் இடம் நோக்கிப் பொருள் கொண்டான். இன்றுள்ள இரட்டைச் சுழிக் கொம்பை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். இத்தாலியில் பிறந்து, தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலே எழுதி, 1747-இல் மறைந்தவர் அவர். நாம் குறிலுக்குத் தலைமேல் அடையாளம் இட்டோம். இலத்தீன் ஆசிரியர்கள் நெடிலுக்கு இட்டார்கள். இரண்டும் தலைமேல்தான்.

சரி, விசைப்பலகைக்கு வருவோம். கோட்டுக்கு அதில் ஏன் இடமில்லை? 1874-இல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியின் வழியில் வந்தது அந்தப் பலகை. ஆங்கிலத்துக்குக் கோடு வேண்டியிருக்கவில்லை. ஆகையால் கோடு இல்லை. தட்டச்சுக் காலத்துப் புலவர்கள் எழுத்தை அடித்து, ஓரிடம் பின்னே வந்து, காகிதம் சுற்றிய உருளையைச் சிறிது திருப்பி, அடிக்கோட்டை எழுத்தின் தலையில் விழும்படி அடிப்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் பேனாவால் இட்டுக்கொள்வார்கள். ஐரோப்பிய மொழிகளுக்கென்று செய்த பொறிகளில் வேறொரு வசதி இருந்தது: ஒரு விசையை அழுத்தினால் தாளில் குறி விழும், ஆனால் உருளை நகராது, அடுத்து அழுத்தும் எழுத்து அந்தக் குறியின் கீழேயே வந்து விழும். நகராத விசை என்று அதைச் சொல்லலாம். இன்று கணினியில் இரும்பும் உருளையும் போய்விட்டன. ஆனால் இந்த உத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

மெக்கின்டாஷ் கணினி வைத்திருப்பவர்களுக்கு அந்த உத்தி எளிது. விசைப்பலகை அமைப்பில் 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' என்ற பலகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு உரோம அகரத்தை ஒரு முறை தட்டினால் கோடு காத்து நிற்கும். பிறகு எந்த உயிரை அடிக்கிறோமோ அதன் மேல் போய் அமரும்.

விண்டோஸ் கணினிக்கு மாவோரி மக்கள் நமக்கு ஒரு நன்மை செய்து வைத்திருக்கிறார்கள். மொழி அமைப்பில் மாவோரி மொழியைச் சேர்த்தால் அதன் பலகையும் உடன் வரும். எண் ஒன்றுக்கு இடப்புறத்தில், தலைகீழ்க் காற்புள்ளி போன்ற குறியுடன் ஒரு விசை இருக்கிறதே, நாம் வாழ்நாளில் தொடாத விசை, அதை முதலில் தட்டி அடுத்து உயிரைத் தட்டினால் கோடிட்ட நெடில் வரும். மற்ற விசைகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருப்பதால் கைக்குக் குழப்பமில்லை. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைச் சேர்த்து அழுத்தி ஒரு பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

பலகை எதையும் சேர்க்க விரும்பாதவர்கள் 'வேர்டு' என்ற எழுத்து மென்பொருளில் எண்ணைக்கொண்டே எழுத்தை வரவழைக்கலாம். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கின்ற யூனிகோடு முறை 1991-இல் முதற்பதிப்பாக வந்தது. அதில் நெட்டுயிர் அகரத்துக்கு எண் 0101, எகரத்துக்கு 0113, இகரத்துக்கு 012 என்பதை அடுத்து 'பி' என்ற ஆங்கில எழுத்து, ஒகரத்துக்கு 014 என்பதை அடுத்து 'டி', உகரத்துக்கு 016 என்பதை அடுத்து 'பி'. இவை சிற்றெழுத்துகளுக்கு. பேரெழுத்து வேண்டுமாயின் ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும், அகரத்துக்கு 0100. எண்ணை அடித்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால் எண் மறைந்து எழுத்து நிற்கும். ஒரு சிக்கல் உண்டு. இந்த எண் முறையில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் எண்களாகக் கொள்ளப்படும். ஆதலால் அவற்றுள் ஒன்றை அடுத்து எண் வந்தால் கணினி அதையும் எண்ணோடு சேர்த்துக்கொண்டு வேறெதையோ காட்டும். எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அழுத்தினால் சரியாகிவிடும். இதை அறியாமல் நாம் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம்.

லினக்ஸ் கணினியில் இணைப்பு விசை ஒன்றை அமைத்துக்கொண்டு, அதை அடுத்து அடிக்கோட்டையும் உயிரையும் தட்டினால் போதும். கைப்பேசியிலோ ஒன்றுமே கற்க வேண்டுவதில்லை. ஆங்கிலப் பலகையில் உயிரெழுத்தின் மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்தால், அவ்வெழுத்தின் உறவினர் அனைவரும் வரிசையாய் வந்து நிற்பார்கள், கோடிட்டவரைத் தேர்ந்துகொள்ளலாம்.

நாம் கடைசியில் பின்பற்றியது இவற்றுள் எதுவும் அன்று. வயதான விரல்களுக்கு வேகம் முக்கியம். நெடில் வரும் இடத்திலெல்லாம் உயிரை அடித்து அதன் பின்னே ஓர் அடிக்கோட்டை அடித்துக்கொண்டே போனோம். முழு நோட்டும் முடிந்தபின், தேடி மாற்றுகின்ற வசதியைக்கொண்டு, அகரமும் அடிக்கோடும் சேர்ந்த இடத்திலெல்லாம் கோடிட்ட அகரத்தை இடும்படி கணினியைப் பணித்தோம். ஐந்து உயிருக்கு ஐந்து முறை. நூற்றுக்கணக்கான அடிக்கோடுகள் நொடியில் எழுத்தின் கீழ்ப்புறத்திலிருந்து தலைக்கு ஏறிவிட்டன. உருளையைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்துப் புலவர்களை நினைத்துக்கொண்டோம்.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. கோடிட்ட எழுத்தைக் கணினி இரு வகையாகச் சேமிக்கக்கூடும். எழுத்தும் கோடும் ஒன்றாய் ஒரே எண்ணாக இருப்பது ஒன்று. எழுத்துத் தனி எண், கோடு தனி எண்ணாக அடுத்தடுத்து இருப்பது மற்றொன்று. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் தேடும்போது ஒன்று மற்றொன்றிற்கு அகப்படாமல் போவதுண்டு. தமிழில் ஒகரக் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம், அதே கதை. ஆகவே ஒரு தாளில் ஒரே வழியைக் கையாளுவது நல்லது. மற்றொன்று, எழுத்துருவைப் பற்றியது. நம் தாளை அச்சிடக் கொடுத்த இடத்தில் ஏதோ ஒரு பழைய எழுத்துருவை மாற்றிவிட்டார்கள். கோடிட்ட எழுத்து இருந்த இடமெல்லாம் வெறுங்கட்டமாக வந்தது. கட்டம் போட்ட ரசத்தை யார் வைப்பது? எழுத்துருவோடு சேர்த்துக் கோப்பை அனுப்பியபின் சீராயிற்று.

இந்தக் கோட்டின் மேல் நமக்குப் பற்று வந்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் இடச் சொல்ல மாட்டோம். கடவுச்சீட்டின் அடியில் கருவி படிக்கின்ற இரண்டு வரிகளில் இருபத்தாறு எழுத்துக்கும் பத்து எண்ணுக்கும் இடைவெளியை நிரப்பும் ஒரு குறிக்கும்தான் இடம். வங்கிக் கணக்கிலும் பயணச் சீட்டிலும் ஒரு பெயர், வீட்டில் வேறொரு பெயர் என்று ஆகிவிட்டால் அலைச்சல் நமக்குத்தான். கலா என்று பெயர் வைத்த பெண்ணைப் பள்ளியில் 'காலா' என்று அழைத்து, அது இந்தியில் கறுப்பு என்று பொருள்பட, பிள்ளைகள் சிரித்த துன்பத்தைத் தீர்க்க இந்தக் கோடு பிறப்புச் சான்றிதழில் நமக்கு உதவாது. அவள் தன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் இட்டுக்கொள்ளலாம். ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இடலாம். வீட்டுப் பாட்டு, வீட்டுச் சமையல், குலத்தின் பெயர் வரிசை, ஊர்க் கோயிலின் வரலாறு, இவையே கோட்டுக்கு உரிய இடங்கள். வானொலியில் பேசுகின்ற நமக்கு அதுவும் வேண்டியதில்லை, வாயே கோடு.

புதிய தாளைத் தில்லிக்கு அனுப்பினோம். ஐந்து எழுத்தையும் சொல்லிக் கொடுக்கத் தொலைபேசியில் கால் மணி நேரம் ஆயிற்று. மறுவாரம் ரசம் ரசமாக வந்தது என்று செய்தி கிடைத்தது. ஆனால் ஓரிடத்தில் நாம் கோடும் இடவில்லை, இடாமலும் விடவில்லை, கேள்விக்குறி இட்டிருந்தோம். நார்த்தங்காய் ஊறுகாய்க்குரிய பக்கத்தில் 'உப்பு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சொல். அதன் முதலில் ககரம் தெரிகிறது. ஈற்றில் லகர மெய் தெரிகிறது. இடையில் எண்ணெய்க் கறை. அது கல்லாகவும் இருக்கலாம், காலாகவும் இருக்கலாம். கல்லுப்பு என்றால் பொருள். கால் என்றால் அளவு. இரண்டும் அவ்விடத்திற்குப் பொருந்தும்.

அப்பெண் கும்பகோணத்தில் உள்ள சின்னப் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தாள். அந்த அம்மையாருக்கு வயது எண்பத்தெட்டு. "கல்தான், அதில் என்ன சந்தேகம்? அக்கா ஊறுகாய்க்குப் பொடியுப்பைத் தொட்டதே கிடையாதே" என்றாராம். அப்படியானால் உப்பு எவ்வளவு, பாட்டி என்று இவள் கேட்டாள். "எவ்வளவு என்றால்? கைக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, அவள் உடம்பு எப்படி இருக்கிறது, தில்லியில் குளிர் விட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம்.

அன்றிரவு நாம் கோப்பைத் திறந்து கேள்விக்குறியை எடுத்தோம். உரோம அகரம் கோடில்லாமல் அங்கே இருக்கிறது. அளவுக்கென்று ஓர் இடம் வெறுமையாக விட்டிருக்கிறோம்.